அன்னையின் கழுத்துமாலையும் அபூதல்ஹாவின் தோட்டமும்

உங்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். எவர் எவ்வளவு விலை கூறினாலும் கொடுக்க மனம் ஒப்பாத பொருள் ஒன்றேனும் அதில் இருக்கும். பாட்டனார் ஓதிய குர்ஆன் பிரதியாக இருக்கலாம்; வாப்பா கடல் கடந்து சென்று கொணர்ந்த பீங்கானாக இருக்கலாம்; உம்மும்மாவின் வெற்றிலைப் பெட்டியாக இருக்கலாம். கொல்லைப்புறத்திலோ, யார் நட்டது என்று எவருக்கும் தெரியாத ஒரு முதிய மருதாணிச் செடி நிற்கும்.

பழம்பொருள்மீது இத்துணைப் பற்று வைப்பது உலகப் பற்றன்றோ, ஈமானுக்கு இழுக்கன்றோ என்று ஐயுறுவோர் உளர். அன்பர்களே! பத்ருப் போருக்குப் பின் மதினாவில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 624. போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷிகளை மீட்க அவர்தம் உறவினர் ஈட்டுப்பொருள் அனுப்பிக்கொண்டிருந்தனர். சிறைப்பட்டவர்களுள் அபுல் ஆஸ் என்பாரும் ஒருவர். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மூத்த புதல்வி ஸைனப் (ரலி) அவர்களின் கணவர்; அப்போது இஸ்லாத்தை ஏற்காதவர். மக்காவிலேயே தங்கியிருந்த ஸைனப் நாயகி கணவரை மீட்கப் பொருள் அனுப்பினார்கள். அதனுடன் ஒரு கழுத்துமாலையும் வந்து சேர்ந்தது. அது அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் தம் மகளை மணமகன் வீட்டுக்கு அனுப்பியபோது அணிவித்த மாலை.

அன்னையார் மறைந்து ஆண்டுகள் பல கழிந்திருந்தன. அம்மாலையைக் கண்டதும் அண்ணலாரின் உள்ளம் உருகிவிட்டது. அந்த உருக்கத்தை அறிவித்தவர்கள் யார் தெரியுமா? அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே. அதன்பின் நடந்ததை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். படைத்தலைவரும் அவர்களே, ஆட்சித்தலைவரும் அவர்களே. எடுத்துக் கொடுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் மறுப்பார் எவர்? ஆயினும், ஈட்டுப்பொருளில் போரிட்டவர்களின் உரிமை கலந்திருந்தது. எனவே, நீங்கள் பொருத்தமெனக் கருதினால் அவருடைய கைதியை விடுவித்து, அவர் பொருளையும் அவரிடமே திருப்பி அனுப்பலாமே என்ற கருத்துப்படத் தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்கள் மனமுவந்து இசைந்தனர். மாலை மகளிடமே திரும்பிச் சென்றது. நினைவுப்பொருளுக்காகக் கனிவதில் தவறில்லை. அக்கனிவுக்காகப் பிறர் உரிமையில் கைவைக்க மட்டும் இடமில்லை.

இது அணிகலன். மரமும் தோட்டமும் வேறு வகை. அவை மனிதரைவிட நெடுநாள் வாழ்பவை. ஆண்டுதோறும் பலன் தருபவை. அவற்றின்மீது பற்று வைத்தவர் என்ன செய்ய வேண்டும்?

மதினாவின் அன்சாரிகளுள் பேரீச்ச மரங்கள் மிகுதியாக உடையவர் அபூதல்ஹா (ரலி). அவருக்குப் பேருவகை தந்தது பைருஹா என்னும் தோட்டம். நபிகளாரின் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த அத்தோட்டத்தினுள் அண்ணலார் சென்று அங்குள்ள சுவைநீரை அருந்துவதுண்டு. விரும்புவதிலிருந்து கொடுக்காத வரை நன்மையை அடையமாட்டீர்கள் என்னும் பொருளுடைய ஆலு இம்ரான் அதிகாரத்து வசனம் இறங்கியது. அபூதல்ஹா நேரே அண்ணலாரிடம் வந்தார். தமக்கு மிக விருப்பமானது பைருஹாதான். அதை இறைவனுக்காக அளித்துவிட்டேன் என்றார். அண்ணலார் மகிழ்ந்து, ஆதாயம் தரும் செல்வமிது என்று பாராட்டி, உறவினருக்கே பங்கிடும்படி அறிவுறுத்தினார்கள். அப்படியே அவர் தம் உறவினருக்கும் தந்தையுடன் பிறந்தார் மக்களுக்கும் பகிர்ந்தளித்தார். பின்னாளில் அப்பங்கு பெற்றவருள் ஒருவரான ஹஸ்ஸான் (ரலி) தம் பகுதியை முஆவியாவுக்கு விற்றதும், அபூதல்ஹாவின் தருமத்தையா விற்கிறீர் என்று மக்கள் வினவியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. இன்று பைருஹா இருந்த இடம் விரிவாக்கப்பட்ட மஸ்ஜிதுந் நபவிக்குள் அடங்கிவிட்டது.

கொடுத்தது கைமாறலாம் என்றால், கைமாறாமல் கொடுக்க வழியுண்டா? உண்டு. கி.பி. 628இல் வெற்றிகொள்ளப்பட்ட கைபரில் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட அரிய சொத்து தமக்கு வாய்த்ததில்லை என்று கூறி, அதை என்ன செய்வதென்று அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திக்கொண்டு பலனைத் தருமம் செய்யும் வழியை நபிகளார் காட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுகளுக்கும் சேராது. விளைவது ஏழைக்கும், உறவினருக்கும், வழிப்போக்கருக்கும், விருந்தினருக்கும் உரியது. நம் ஊர்களில் நாம் காணும் வக்பு முறைக்கு முன்மாதிரி இதுவே.

பேரீச்ச மரத்தின் இயல்பும் இதற்கு ஒப்பானது. அது நூறாண்டும் வாழக்கூடியது. கொட்டையிலிருந்து முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண்மரமாகிக் காய்க்காது போகும். காய்ப்பவையும் தாயின் சுவையைக் கொண்டிரா. ஆகவே இளமரத்தின் அடியில் கிளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறார்கள். தாய்மரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே பழம் அடுத்தவர் தோட்டத்திலும் பழுக்கும்.

நம் மருதாணிக்கும் இது பொருந்தும். முற்றிய கொம்பைச் சாண் அளவு வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். பெருநாளுக்கு முன்தினம் அண்டை வீட்டுப் பெண்கள் இலை பறிக்க வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பறிக்கப் பறிக்கத் தழைக்கும் செடி அது.

பெட்டகத்துப் பழம்பொருள்களில் மிகுந்த ஆபத்தில் இருப்பவை அரபுத்தமிழ்க் கிதாபுகளே. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்தமைத்து, நம் முன்னோர் மார்க்கச் சட்டமும் பாட்டும் மருத்துவமும் எழுதிவைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் மஃகானி அவ்வெழுத்தில் அமைந்ததே. அக்காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் இதைச் சரளமாக ஓதினர். இன்று படிப்பார் அருகிவிட்டனர். எழுத்து அரபியாக இருப்பதால் குர்ஆன் ஏடு என்றே கருதி, முத்தமிட்டுப் பூட்டி வைத்துவிடுகிறோம். மரியாதை குறையவில்லை, இராமபாணப் பூச்சி மட்டும் தாளை அரித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அத்தகைய கிதாபு இருப்பின் இவ்வாரமே வெளியே எடுங்கள். ஈரமற்ற நிழலில் வைத்து, மெல்லிய தூரிகையால் தூசி நீக்குங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் தாளைக் கறையாக்கி முறித்துவிடும். செல்பேசியால் ஏடு ஏடாகப் படமெடுத்து, அரபுத்தமிழ் அறிந்த முதியவர் எவரிடமேனும் காட்டுங்கள். கையெழுத்துப் பிரதியாயின் கடைசி ஏட்டை முதலில் பாருங்கள். எழுதியவர் பெயரும் ஊரும், எழுதி முடித்த ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.