எதை முதலில் சரி செய்வது?

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி பரந்து விரிந்த ஏரி. மழைக்காலத்துக்கு முன் அதைச் செப்பனிடக் கையில் சிறிது பணமே உள்ளதாகக் கொள்வோம். ஒரு வாய்க்கால் ஆண்டுதோறும் தூர்ந்து, 10,000 ரூபாய் நட்டம் தருகிறது. கரையில் ஓரிடம் பலவீனமாயிருக்கிறது. அது 50 ஆண்டுகளில் ஒருமுறை உடையலாம். உடைந்தால் நட்டம் 5 கோடி. எதை முதலில் கவனிப்பீர்கள்?

அடிக்கடி தொல்லை தருவது வாய்க்கால்தான். ஆனால் நிகழும் வாய்ப்பையும் விளையும் கேட்டையும் பெருக்கிப் பாருங்கள். வாய்க்காலுக்கு ஆண்டுக்கு 10,000. கரைக்கோ ஆண்டுக்கு 10 லட்சம்! உயிர்ச்சேதத்தை இதில் சேர்க்கவே இல்லை. அதை ரூபாயில் எழுத முடியாது.

இரசாயனத் தொழிற்சாலைகளிலும் ஆபத்துகளை இவ்வாறே வரிசைப்படுத்துகிறார்கள். எளிய பெருக்கல்தான். அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் சான்று.

அங்கிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் மீதைல் ஐசோசயனேட் என்னும் கொடிய திரவம் தொட்டிகளில் சேமிக்கப்பட்டிருந்தது. அதன் கொதிநிலை சுமார் 39 பாகை செல்சியஸ்தான். நம் ஊர்க் கோடை வெயிலே போதும். நீருடன் சேர்ந்தால் வெப்பத்தை வெளியிட்டு வினைபுரியும். எனவே அதைக் குளிரவைக்க ஓர் எந்திரம், கசியும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவ ஒரு கோபுரம், மிஞ்சியதை எரிக்க உயரமான ஒரு குழாய் என மூன்று தடுப்புகள் இருந்தன.

ஒவ்வொரு தடுப்பும் பத்தில் ஒருமுறை தவறும் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராதிருந்தால், மூன்றும் சேர்ந்து தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. மூன்றையும் நிறுத்திவிட்டால்? அப்போது வாய்ப்பு 1. அதாவது, தடுப்பே இல்லை!

நடந்தது ஏறக்குறைய அதுதான். குளிரூட்டும் எந்திரம் 1984 ஜூன் மாதமே நிறுத்தப்பட்டது. கழுவும் கோபுரம் இயக்கத்தில் இல்லை. எரிகுழாய்க்குச் செல்லும் இணைப்பு பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அக்டோபரில் அத்திரவத்தின் உற்பத்தி நின்றுவிட்டதால் ஆபத்தும் உறங்குவதாக எண்ணினார்கள் போலும். ஆனால் ஒரு தொட்டியில் மட்டும் சுமார் 40 டன் இருந்ததே! 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு அதற்குள் நீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் இன்றும் வாதம் உண்டு. விடிவதற்குள் நச்சுவாயு நகரைச் சூழ்ந்தது. அரசுக் கணக்குப்படியே இறந்தோர் 3,000-க்கும் மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அக்கோபுரம் இயங்கியிருந்தாலும் அவ்வளவு வாயுவைச் சமாளித்திருக்காது. பீய்ச்சிய நீரும் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. அடிக்கடி நேரும் சிறு கசிவுகளுக்கு ஏற்பாடு இருந்தது. அரிதான பெருங்கசிவுக்கு இல்லை. வாய்க்காலைத் தூர்வாரிவிட்டுக் கரையை மறந்த கதைதான்.

ஆனால் இத்தடுப்புகளுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு: இவ்வளவைச் சேமிக்கத்தான் வேண்டுமா? மீதைல் ஐசோசயனேட் விற்பனைச் சரக்கல்ல, பூச்சிமருந்துக்கான இடைப்பொருள். தேவைக்கேற்ப ஆக்கி உடனே செலவழித்துவிட்டால் கசிவதற்குப் பெரிதாக எதுவும் இராது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவிலும் ஒரு தொழிற்சாலை இதைச் சேமித்துவந்தது. 2008 ஆகஸ்டில் அங்கு வேறொரு கலம் வெடித்து இருவர் இறந்தனர். நல்லவேளையாக, அருகிலிருந்த மீதைல் ஐசோசயனேட் தொட்டி தப்பியது. 2011-இல் அங்கு அதன் உற்பத்தியையே கைவிட்டார்கள்.