வானம் பதில் சொல்லிற்று!

வானத்தை நோக்கிக் கை கூப்பியோர் உண்டு. கை நீட்டிக் கெஞ்சியோர் உண்டு. கணக்கோடு கேள்வி கேட்டோர் உண்டா? உண்டு, தோழர்களே! அவர்கள் கதையைத்தான் இன்று கூறுகிறோம்.

1901 டிசம்பரில், இங்கிலாந்துக் கரையிலிருந்து அனுப்பிய கம்பியில்லாத் தந்திக் குறியை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அறிஞர் உலகம் திகைத்தது. அலையோ நேரே செல்வது, உலகமோ உருண்டை! கடலின் வளைவைக் கடந்தது எப்படி?

1902-ல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே ஒரே விடை கூறினர்: உயரே மின்சாரத்தைக் கடத்தும் காற்றடுக்கு ஒன்று இருக்கலாம், அதுவே அலையைத் திருப்பி அனுப்பலாம். யார் இந்த ஹெவிசைடு? 16 வயதில் பள்ளியை விட்டவர். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். காது மந்தம். கல்லூரி வாயிலை மிதிக்காதவர். பட்டம் இல்லை, சிந்தனை இருந்தது!

ஆனால் 'இருக்கலாம்' என்பது பாதி வழிதான். மீதி வழியை நடந்தவர் ஆப்பிள்டன். பிராட்போர்டு நகரில் கிடங்குத் தொழிலாளியின் மகன். 1924 டிசம்பர் 11. போர்ன்மவுத் வானொலி நிலையத்தின் அன்றாட ஒலிபரப்பு ஓய்ந்த பிறகு, அங்கிருந்து எழும் அலையின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்தார். ஆக்ஸ்போர்டில் அவரும் பார்னெட்டும் கருவியுடன் காத்திருந்தனர். தரைவழி ஓர் அலை வந்தது. மேலே சென்று திரும்பி மற்றோர் அலை வந்தது. இரண்டும் இசைந்தபோது குறி வலுத்தது; முரண்பட்டபோது மெலிந்தது. எத்தனை முறை வலுத்தது, எத்தனை முறை மெலிந்தது என்று எண்ணினர், கணக்கிட்டனர். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது அந்த அடுக்கு! ஏணி வைக்கவில்லை, ஏறிப் பார்க்கவில்லை. அலையே அளவுகோல் ஆயிற்று!

கதிரவனின் ஒளி, மெலிந்த மேற்காற்றின் அணுக்களை உடைத்து மின்னேற்றுவதால் உண்டாவது அது. அதற்கும் மேலே இன்னோர் அடுக்கு இருப்பதையும் ஆப்பிள்டன் பின்னர் கண்டார். 1947-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஹெவிசைடோ, அந்தச் சோதனை நடந்த இரண்டே மாதத்தில், 1925 பிப்ரவரியில் மறைந்தார்.

22 ஆண்டுகள் ஊகமாக நின்ற சொல்லை உண்மையாக்கியது எது? பட்டமா? பரம்பரையா? பல்லாண்டு போற்றுதலா? இல்லை, ஓர் இரவுச் சோதனை! சொன்னவன் யார் என்று அது கேட்கவில்லை. சொன்னது சரிதானா என்றே கேட்டது.

கூப்பிய கரத்துக்கு வாய் திறவாத வானம், அளந்து கேட்டவனுக்கு அன்றே பதில் சொல்லிற்று. நாமும் கேட்போம், அளந்து கேட்போம்!