ஒரு காலத்தில் மலைத்தோட்டப் பக்கமிருந்து கடலுக்குப் படகில் போனார்கள், தெரியுமா?

தேயிலையும் இறப்பரும் விளைகிற சப்ரகமுவைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஆச்சரியங்கள் வரிசை கட்டி நிற்கின்றன!

2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து இரண்டு ஆறுகள் புறப்படுகின்றன. களனி கங்கை கேகாலை மாவட்டத்து யட்டியந்தோட்டை வழியாகக் கொழும்புக்குப் போகிறது. களுகங்கை இரத்தினபுரி வழியாகக் களுத்துறைக்குப் போகிறது. யட்டியந்தோட்டைக்குக் கோச்சி வந்ததே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இரத்தினபுரிக்கு 1912இல். அதற்கு முன்பு? ஆறும் ரோட்டுதான்! ஓலைக்கூரை போட்ட தட்டையடிப் படகுகளில் சரக்கு இறங்கியது. ஆற்றோடு இறங்குவது சுகம். எதிர்த்து ஏறும்போதுதான் கழி ஊன்றித் தள்ளித் தள்ளி ஆட்களுக்குத் தோள் கழன்றிருக்கும்.

சூழலியல் துறைக்கு 1866இல் பெயர் சூட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஏர்ன்ஸ்ட் ஹெக்கலும் களுகங்கையில் போயிருக்கிறார், தெரியுமா? வருஷம் 1882. ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பைப் பார்த்துவிட்டு, நொன்பரேல் தோட்டம், பெலிஹுல்ஓயா என்று மலையிறங்கி இரத்தினபுரிக்கு வந்தார். அங்கிருந்து களுத்துறைக்கு இரட்டை ஓடம்! குடைந்தெடுத்த இரண்டு மரங்களை இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டி, மேலே தளம் போட்டு, ஓலை வேய்ந்த ஓடம். ஒற்றை ஓடம் சுழியில் பக்கவாட்டாகத் திரும்பினால் கவிழ்ந்துவிடும். இரட்டை என்றால் அகலம் அதிகம், ஆட்டம் குறைவு. எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கள் கண்டுபிடித்த பொறியியல் இது! மேலே பாறையும் வேக நீருமாக இருக்கிற ஆறு, களுத்துறையை நெருங்க நெருங்கச் சாதுவாகிவிடுகிறது. கீழே சரிவே இல்லையே, எப்படி ஓடும்?

அதே காரணம்தான் இரத்தினபுரியை மூழ்கடிக்கிறது. மலைத்தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும். கீழே வடிவதற்கோ நேரமெடுக்கும். ஆகவேதான் கடலே கண்ணுக்குத் தெரியாத ஊருக்குக் கடற்படை வருகிறது! 2017 மே வெள்ளத்தில் கடற்படைப் படகுகள் ஊருக்குள் ஓடின. உதவிக்கு இந்தியாவும் கிர்ச், ஷார்துல், ஜலாஷ்வா என்று மூன்று கப்பல்களை இலங்கைக்கு அனுப்பியது. மேலே தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைவிட மண்சரிவு பயம்தான் பெரிது. அங்கே எந்தப் படகும் உதவாது.

கித்துல்கலையைச் சொல்லாமல் விடலாமா? களனி கங்கை பாறைகளில் மோதிப் பொங்குகிற இடம். இன்று காற்றடைத்த இறப்பர்ப் படகில் ஏறிக் கூச்சல் போடத்தான் வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வருகிறார்கள். 1957இல் வெளியாகி ஏழு ஆஸ்கார் வாங்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்காக இங்கேதான் மரப்பாலம் கட்டி, நிஜ ரயிலோடு வெடி வைத்துத் தகர்த்தார்கள். கதை நடப்பது தாய்லாந்தில், தண்ணீர் நம்முடையது!

சரி, பொங்கி வந்த களுகங்கை அமைதியாக நின்று மூச்சு வாங்கும் இடம் எது? களுத்துறை முகத்துவாரம். கடலலைக்கு அணையாக அங்கே ஒரு மணல்திட்டு, பெயர் கலிடோ கடற்கரை. 2017 வெள்ளத்தை வடியவிட அந்தத் திட்டையே வெட்டினார்கள், தெரியுமா? வெள்ளம் வெளியே போனது. கூடவே கடல் உள்ளே வந்தது! கரையை அலை அரித்தது, ஆற்றுநீர் உப்பாகிக் குடிநீருக்கே சிக்கல் வந்தது. பிறகு 2020இல், கடலுக்கடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டுவந்து அதே கரையில் கொட்டினார்கள்.