வாரச் சம்பளத்தில் இருந்து மாதச் சம்பளத்துக்கு மாறுகிறீர்களா? நடுவில் வரும் 39 நாளைச் சமாளிப்பது எப்படி?

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனியில் கவரை வாங்கிக்கொண்டு நேரா மளிகைக் கடை, பழைய பாக்கி, மறுநாள் கறிக்கடை என்று பழகிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டெய்லர், கைமடி, செக்கிங் என யாராக இருந்தாலும் வீட்டுக் கணக்கு 7 நாளில் தொடங்கி 7 நாளில் முடிந்துவிடும்.

இப்படி இருந்தவர்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கும் பெரிய கம்பெனியில் சேரும்போது சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். வேலை நிரந்தரம், சந்தோஷம்தான். ஆனால் முதல் மாதத்திலேயே பலர் கடன் வாங்க வேண்டிய நிலைக்குப் போய்விடுகிறார்கள். சம்பளம் குறைவு என்பது மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. பணம் வரும் தேதி மாறியும், பில் வரும் தேதி மாறாமல் இருப்பதுதான் முக்கியக் காரணம்.

இதை எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சம்பளக் கணக்கு: நாலால் பெருக்கினால் நஷ்டம்

வாரம் 3,600 ரூபாய் வாங்குபவரிடம், "மாசம் 14,400 தர்றோம், அதே சம்பளம்தான்" என்று சொன்னால் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் அது அதே சம்பளம் இல்லை.

ஒரு வருஷத்துக்கு 52 வாரம். மாதத்துக்கு 4 வாரம் என்று கணக்குப் போட்டால் 48 வாரம்தான் வருகிறது. மீதி 4 வாரச் சம்பளம் காணாமல் போய்விடும்.

சரியான கணக்கு இதுதான்: வாரச் சம்பளத்தை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். 3,600 x 52 = 1,87,200. அதை 12-ஆல் வகுத்தால் மாதம் 15,600 ரூபாய். ஆக, 14,400-க்குச் சம்மதித்தால் மாதம் 1,200 ரூபாய் குறைவு. வருஷத்துக்கு 14,400 ரூபாய் நஷ்டம்.

கையில் வருவது எவ்வளவு?

15,600 என்று பேசி முடித்தாலும் அது முழுசாக அக்கவுண்டில் விழாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள். 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துப் பிடித்தால் 1,800 ரூபாய். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 சதவீதம். 15,600-க்கு அது 117 ரூபாய்.

இரண்டும் போக கையில் வருவது 13,683 ரூபாய்.

பிடித்த பணம் வீணாகப் போகவில்லை. பி.எஃப்.க்கும் இ.எஸ்.ஐ.க்கும் கம்பெனியும் தன் பங்கைப் போட வேண்டும். குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்க இ.எஸ்.ஐ. உதவும். ஆனால் இந்த மாத வாடகைக்கு அது உதவாது. அதனால் வீட்டு பட்ஜெட் போடும்போது 15,600-ஐ மறந்துவிட்டு, 13,683-ஐ மட்டும் மனதில் வைக்க வேண்டும்.

அந்த 39 நாள் எங்கிருந்து வருகிறது?

2026 காலண்டரை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பழைய கம்பெனியில் கடைசி வாரச் சம்பளம் வாங்கியாச்சு. செப்டம்பர் 1-ம் தேதி புது வேலை. மாதச் சம்பளக்காரர்களுக்கு அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019. கம்பெனி அந்தக் கடைசி நாளில்தான் போடுகிறது என்றால், முதல் சம்பளம் அக்டோபர் 7.

நடுவில் 39 நாள். செப்டம்பர் 5, 12, 19, 26, அக்டோபர் 3 என்று ஐந்து சனிக்கிழமை கையில் காசு வராமலே போகும்.

இதில் இன்னொரு சிக்கல். வாடகை 5-ம் தேதி என்றால், இந்த இடைவெளிக்குள் செப்டம்பர் 5, அக்டோபர் 5 என இரண்டு வாடகை வந்துவிடும்.

மாதத்தின் நடுவில் சேர்ந்தால் சங்கடம் வேறு மாதிரி. செப்டம்பர் 14-ல் சேர்பவருக்கு அக்டோபர் 7-ல் வருவது 17 நாள் சம்பளம் மட்டும்தான். அதை வைத்து அடுத்த ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும். சில கம்பெனிகளில் 25-ம் தேதி வரை உள்ள வருகையைத்தான் அந்த மாதக் கணக்கில் எடுப்பார்கள். அப்படியென்றால் இன்னும் குறையும். சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு பணம் தயாராக இருக்க வேண்டும்?

உதாரணத்துக்கு ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு. சாப்பாடு, காய்கறி, பஸ் என வாரச் செலவு 1,350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வாரத்துக்கு 6,750. செப்டம்பர் வாடகை 4,500. பிள்ளைகளின் வேன், டியூஷன் 1,000. போன் ரீசார்ஜ் 400. மொத்தம் 12,650 ரூபாய். இது கடன் தவணை இல்லாத கணக்கு.

கடைசி வாரச் சம்பளம் 3,600 கையில் இருக்கும். மீதி 9,050 ரூபாய் வேண்டும். மாறப்போவது தெரிந்ததுமே, அதாவது 10 வாரம் முன்பிருந்தே வாரம் 500 ரூபாய் ஒதுக்கினால் 5,000 சேரும். பாக்கி 4,050-ஐ புது கம்பெனியில் அட்வான்ஸாகக் கேட்கலாம். கொடுத்தால், இரண்டு மூன்று மாதமாகப் பிரித்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் பிடித்தால் அடுத்த மாதமும் பள்ளம்தான்.

பழைய கம்பெனியில் பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் விட வேண்டாம். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், சட்டம் சொல்லும் சம்பள வரம்புக்குள் இருப்பவர் அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் கேட்க உரிமை உண்டு. தீபாவளிக்கு முன்னால் வேலை மாறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். காசு இல்லாமல் போன பிறகு போய் நிற்பதைவிட, முன்கூட்டியே சொன்னால் மரியாதையும் மிஞ்சும்.

வாடகை: வீட்டு ஓனரிடம், "அக்கா, இனிமே சம்பளம் ஏழாம் தேதிதான் வரும், வாடகையைப் பத்தாம் தேதி தர்றேன்" என்று இப்போதே சொல்லிவிடலாம். அக்டோபர் 5-ல் வரும் இரண்டாவது வாடகைச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

மளிகைக் கடை: வாரா வாரம் பற்று தீர்க்கும் கடை என்றால், மாதம் ஒரு தடவை தீர்ப்பதாகப் பேசலாம். ஆனால் நோட்டில் எழுதும்போது கூடவே நீங்களும் எழுதி வையுங்கள். வாரப் பற்றில் தெரியும் தொகை, மாதப் பற்றில் தெரியாமலே ஏறிவிடும்.

இ.எம்.ஐ.: போன், டூவீலர் தவணை 5-ம் தேதி அக்கவுண்டில் இருந்து எடுக்கப்பட்டால், சம்பளம் 7-ல் வரும்போது பவுன்ஸ் ஆகும். அபராதம் தனி. கடன் கொடுத்த நிறுவனத்திடம் தேதியை 10-க்கு மேல் மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

ஈ.பி. பில்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். முதல் 100 யூனிட் இலவசம் போக பில் 800 ரூபாய் வருகிறது என்றால், பில் வராத மாதத்திலும் 400 ரூபாயை எடுத்து வைக்க வேண்டும். சிலிண்டருக்கும் இதே முறைதான்.

வாரத் தவணைக் குழுக் கடன் இருந்தால்?

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் வாரம் 500 ரூபாய் கட்டுபவருக்கு, இடைவெளியில் வரும் ஐந்து சனிக்கிழமைக்கு மட்டும் 2,500 ரூபாய் வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2022 மைக்ரோ ஃபைனான்ஸ் விதிகளின்படி, கடன் வாங்கியவரின் தேவைக்கு ஏற்ப தவணைக் காலத்தை மாற்றித் தர ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். அதனால் வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. "குழுவுல எல்லாரும் வாரம்தான் கட்றாங்க" என்று வசூல் ஊழியர் சொன்னால், கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். கடனை முன்கூட்டியே முடித்தால் அதற்கு அபராதம் போடக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

இடைவெளியைச் சமாளிக்க தண்டலுக்கு மட்டும் போகாதீர்கள். 10,000 கடன் என்று சொல்லி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் கட்டச் சொல்வார்கள். தினமும் கட்ட வேண்டிய கடனும், மாதம் ஒருமுறை வரும் சம்பளமும் ஒத்தே வராது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாமே தமிழ்நாட்டில் 2003 அதீத வட்டித் தடைச் சட்டத்தின்படி குற்றம்.

சம்பளம் வந்த பிறகு: நீங்களே சனிக்கிழமை சம்பளம் கொடுங்கள்

அக்கவுண்டில் 13,683 விழுந்த அன்றைக்கு எல்லோருக்குமே பணக்காரர் ஆன மாதிரி இருக்கும். இருபதாம் தேதிக்கு மேல்தான் உண்மை தெரியும்.

அதற்கு எளிய வழி, வந்த அன்றே மாதச் செலவைத் தனியாக எடுத்துவிடுவது. வாடகை 4,500, பிள்ளைகள் செலவு 1,000, ரீசார்ஜ் 400, ஈ.பி.க்கு 400, சிலிண்டருக்கு 450. மொத்தம் 6,750. மீதி 6,933 ரூபாய்.

அந்த மீதியை நாலாக இல்லை, ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஒரு கவருக்கு 1,350. சனிக்கிழமைக்கு ஒரு கவர் மட்டும் திறக்க வேண்டும். குழுத் தவணை இன்னும் வாரத்தில்தான் என்றால் அதையும் முதலிலேயே மாதச் செலவோடு எடுத்து வைத்துவிட்டு, பிறகு பிரிக்க வேண்டும். அப்போது கவர் சிறியதாகும், ஆனால் தவணை நாளில் கை நடுங்காது.

ஏன் ஐந்து? ஒரு சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவில் சில மாதம் ஐந்து சனிக்கிழமை வரும். வருஷத்துக்கு 60 கவர் போட்டால், 52 சனிக்கிழமைக்குப் போக 8 கவர் மிஞ்சும். 1,350 வீதம் 10,800 ரூபாய். சம்பளம் தாமதமானாலோ, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ கைகொடுப்பது அந்தப் பணம்தான்.

கவர் வேண்டாம், எல்லாம் ஜிபேயில்தான் என்பவர்கள், இன்னொரு அக்கவுண்டுக்கு சனிக்கிழமைதோறும் 1,350 மட்டும் மாற்றி, அதில் இருந்து மட்டும் செலவு செய்யலாம்.

வீட்டில் இருவர் சம்பாதித்தால்?

ஒருவர் மாதச் சம்பளத்துக்கு மாறி, மற்றவர் வாரச் சம்பளத்தில் இருந்தால் வேலை சுலபம். வாடகை, ஸ்கூல், ஈ.பி., இ.எம்.ஐ. எல்லாம் மாதச் சம்பளத்தில். மளிகை, காய்கறி, குழுத் தவணை வாரச் சம்பளத்தில். இரண்டையும் கலக்காமல் இருந்தாலே பாதிச் சண்டை குறையும். இருவரும் மாறுவதாக இருந்தால், ஒரே நேரத்தில் மாறாமல் மூன்று நாலு மாதம் இடைவெளி விடுவது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பிடித்தம் போக கையில் எவ்வளவு வரும்?

2. சம்பளம் எந்தத் தேதியில் போடுவீர்கள்?

3. எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை வருகைக் கணக்கு?

4. ஓவர்டைம் பணம் அந்த மாதமே வருமா, அடுத்த மாதமா?

5. முதல் மாதம் அட்வான்ஸ் உண்டா? எத்தனை தவணையில் பிடிப்பீர்கள்?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு, காலண்டரில் முதல் சம்பளத் தேதியைக் குறித்து, அதுவரை எத்தனை சனிக்கிழமை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய வேலையில் எந்தச் சனிக்கிழமை கடைசி என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.