டிரெய்லர் முதுகில் ஒரு கணக்கு



எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வழியாக காலேஜுக்கு வருகிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கன்டெய்னர். கடலைப் பார்க்கிறோமோ இல்லையோ, கன்டெய்னரைப் பார்த்தே தீரணும். ஏன்னா, அதுவும் நகராது, நம்ம பஸ்ஸும் நகராது. முதல் பீரியடுக்கு லேட்டாக வந்து நாம் சொல்லும் காரணங்களில் உண்மையானது இது ஒன்றுதான்.

அப்படி நிற்கும்போது அந்தப் பெட்டியின் கதவைப் பார்த்திருப்பீர்கள். நாலு இங்கிலீஷ் எழுத்து, ஆறு எண், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் எண். அந்தக் கட்டத்து எண்ணைப் பற்றித்தான் எழுத வந்தேன். என் அப்பா டிரெய்லர் டிரைவர். அந்த எண் ஒருமுறை அவருடைய இரண்டு நாள் பேட்டாவைக் காப்பாற்றியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளையாட்டு. அமெரிக்கா தன்னுடைய ஜி.பி.எஸ். சிக்னலில் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு காட்டோரம் பக்கெட் ஒன்றை மறைத்து வைத்து, அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட்டார். ‘முடிஞ்சா கண்டுபிடி’ என்ற கதைதான். இதற்கு ஜியோகேஷிங் என்று பேர் வந்து, இன்று உலகம் முழுக்க விளையாடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ‘டிராவல் பக்’ என்ற சமாச்சாரம். ஒரு சின்ன உலோகத் தகடு, அதில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். அதை ஒரு பொம்மையிலோ சாவிக்கொத்திலோ கட்டி ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், கண்டெடுத்தவர் அதை இன்னொரு ஊர் டப்பாவில் கொண்டு போய்ப் போடுவார். இப்படியே கை மாறி நாடு நாடாகப் போகும். உரிமையாளர் வீட்டில் உட்கார்ந்து வெப்சைட்டில் அது எங்கே இருக்கிறது, எத்தனை மைல் போயிருக்கிறது என்று பார்க்கலாம். 2021-ல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் இப்படி ஒரு நம்பரை நாசா பொறித்து அனுப்பியது.

அந்தத் தகட்டுக்குள் பேட்டரி கிடையாது. சிம் கார்டு கிடையாது. சிக்னல் எதுவும் அனுப்பாது. எடுத்தவன் ‘இந்த நம்பரை இங்கே எடுத்தேன்’ என்றும், போட்டவன் ‘இங்கே போட்டேன்’ என்றும் பதிவு செய்தால்தான் உண்டு. எவனாவது எடுத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு மறந்தால், அது வெப்சைட்டில் காணாமல் போனதுதான். நம்பர் தானாக நகராது, மனுஷன் எழுதினால்தான் நகரும்.

நம்ம ரோட்டில் நிற்கும் கன்டெய்னரும் இதே ஜாதிதான். உள்ளே ஜி.பி.எஸ். இருக்கும் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சில பெட்டிகளில் கருவி உண்டு, ஆனால் சாதாரணப் பெட்டி வெறும் இரும்புதான். ஷிப்பிங் கம்பெனி வெப்சைட்டில் நம்பரைத் தட்டினால் வருவதெல்லாம் கேட்டுக்குள் வந்தது, கப்பலில் ஏறியது, இறங்கியது, கேட்டை விட்டுப் போனது என்ற நாலைந்து வரிகள். இரண்டு வரிக்கு நடுவில் பத்து நாள் கடல் இருக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்த நம்பரைப் படித்த ஒரு கண் இருக்கும், அல்லது கேட்டில் மாட்டிய கேமரா இருக்கும்.

மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரல் 26-ல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதில் இந்தத் தொழில் சூடு பிடித்தது. நம்ம சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். பிறகு காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகம் என்று வடக்கே நீண்டுகொண்டே போய்விட்டது. இத்தனை பெட்டியும் பார்க்க ஒரே மாதிரி. அடையாளம் அந்த நம்பர் மட்டும்தான்.

நம்பரின் அமைப்பு ஐ.எஸ்.ஓ. 6346 என்ற உலகத் தரப்படி வருவது. முதல் மூன்று எழுத்து உரிமையாளருடையது. பாரிஸில் உள்ள கன்டெய்னர் பீரோ என்ற அமைப்பு (1933-ல் தொடங்கியது) ஒரே எழுத்துகள் இரண்டு பேருக்குப் போகாமல் பதிவு செய்து கொடுக்கிறது. நாலாவது எழுத்து பெரும்பாலும் ‘யூ’, அதாவது சரக்குப் பெட்டி. அடுத்த ஆறு எண் வரிசை எண். ஏழாவதுதான் கட்டத்துக்குள் இருக்கும் சரிபார்ப்பு எண். அது யாரும் இஷ்டத்துக்குப் போட்டதல்ல, முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது.

எம்-1 பேப்பரில் அரியர் வைத்தவர்களும் தைரியமாகப் படிக்கலாம், வெறும் பெருக்கலும் கூட்டலும்தான். எழுத்துக்கு மதிப்பு ஏ-க்கு 10-ல் தொடங்கும். ஆனால் 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும், ஏனென்றால் கடைசியில் 11-ஆல் வகுக்கப் போகிறோம். ஆக பி 12, சி 13 என்று போய் இசட் 38-ல் முடியும். பிறகு பத்து இடத்தையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று 512 வரை இரட்டித்துப் பெருக்கிக் கூட்டு. 11-ஆல் வகு. வரும் மீதிதான் கட்டத்து எண்.

இதை விளக்குகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நம்பரையே பார்ப்போம்: சி எஸ் க்யூ யூ 305438, கட்டத்தில் 3. சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. இவற்றை 1, 2, 4, 8-ஆல் பெருக்கினால் 13, 60, 112, 256, மொத்தம் 441. எண்கள் 3, 0, 5, 4, 3, 8. இவற்றை 16 முதல் 512 வரை பெருக்கினால் 48, 0, 320, 512, 768, 4096, மொத்தம் 5744. இரண்டையும் கூட்டினால் 6185. 11-ஆல் வகுத்தால் மீதி 3. சரி.

இப்போது 54-ஐ அவசரத்தில் 45 என்று மாற்றி எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 320-ம் 512-ம் இருந்த இடத்தில் 256-ம் 640-ம் வரும். மொத்தம் 6249, மீதி 1. கட்டத்தில் இருப்பதோ 3. திருடன் மாட்டிக்கொண்டான்! வெறுமனே கூட்டியிருந்தால் 5+4 என்றாலும் 4+5 என்றாலும் ஒன்பதுதான், தப்பு தெரியாது. இடத்துக்கு இடம் வேறு வேறு எண்ணால் பெருக்குவதன் சூட்சுமம் இதுதான்.

ஓட்டையும் இருக்கிறது. மீதி 10 வந்தால் ஒரு கட்டத்தில் இரண்டு இலக்கம் போட முடியாது என்று 0 போடுகிறார்கள். அதனால் அப்படி வரும் வரிசை எண்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது விதி. இன்னொன்று நானாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தது. பி 12, வி 34. இரண்டையும் 11-ஆல் வகுத்தால் மீதி 1-தான். ஆகவே போனில் ‘பி’ என்று சொன்னதை ‘வி’ என்று காதில் வாங்கி எழுதினால் இந்தக் கணக்கு கண்டுகொள்ளாது. காது எங்கே ஏமாறுமோ, சரியாக அங்கேயே கணக்கும் ஏமாறுகிறது.

இனி அப்பா கதை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஒரு யார்டிலிருந்து ஏற்றுமதிப் பெட்டியோடு கிளம்பி, வரிசையில் ஊர்ந்து கேட்டுக்குப் போனார். பேரெல்லாம் வேண்டாம். சீட்டில் உள்ள நம்பரும் பெட்டி நம்பரும் ஒத்துப்போகவில்லை. “இன்னாயா, வேற பெட்டிய இட்டாந்துட்டியா?” என்று வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். யார்டுக்கு போன் போட்டால், “நாங்க சரியாத்தான் எழுதினோம், டிரைவர்தான் மாத்தித் தூக்கிட்டான்.” வண்டி முதலாளி, “நிக்கிற நாளுக்கு பேட்டா கிடையாது” என்றார்.

அப்பா எனக்கு போன் செய்தார். “டேய் கண்ணு, நீ படிக்கிற புள்ளதானே. ரெண்டு போட்டோ அனுப்பறேன், இன்னா தப்புன்னு பாரு.” ஒன்று கதவு, இன்னொன்று கையால் எழுதிய சீட்டு. சீட்டில் நடுவே இரண்டு எண் இடம் மாறியிருந்தது, மேலே சொன்ன அதே மாதிரி. ஹைட்ராலிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நம்பருக்கும் கணக்குப் போட்டேன். கதவு நம்பர் ஒத்து வந்தது. சீட்டு நம்பர் ஒத்து வரவில்லை.

“அப்பா, பெட்டி சரி, சீட்டுதான் தப்பு. சீட்டுல இருக்கிற நம்பர்ல உலகத்துலயே பெட்டி இருக்காது.”

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா அதைக் காட்டியபோது முதலில் சிரித்தார்களாம். அங்கே ஷிப்டில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் வாங்கிப் பார்த்து, தன் போனிலும் தட்டிப் பார்த்து, “பையன் சொல்றது கரெக்ட்டு, இது எழுதினவன் தப்பு” என்றார். பழி போனது, பேட்டாவும் தப்பியது. ஆனால் திருத்திய சீட்டு திங்கட்கிழமை ஆபீஸ் திறந்த பிறகுதான் வந்தது. அதுவரை இரண்டு ராத்திரி, கேபினிலேயே கொசுக்கடியில் படுத்திருந்தார். என் கணக்கால் அந்த வரிசையை ஓர் அடி நகர்த்த முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போதெல்லாம் ரேடியோ அலையில் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வில்லைகள் வந்துவிட்டன. 2016-ல் மும்பை அருகே நவசேவாவில் தொடங்கி மற்ற துறைமுகங்களுக்கும் பரவியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வில்லையை ஒட்டும்போது ‘இது இன்ன பெட்டி’ என்று முதல் தடவை நம்பரைச் சேர்க்க வேண்டுமே. அங்கே தப்பினால், அந்தத் தப்பையே ஒவ்வொரு கேட்டும் வேகமாகப் படிக்கும்.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் இதை ‘சி’யில் எழுதிப் பாருங்கள், இருபது வரிகூட வராது. மெக்கானிக்கல்காரர்கள் பஸ்ஸில் மனக்கணக்காகப் போடலாம், எப்படியும் பஸ் நிற்கத்தானே போகிறது.

அப்பா இப்போது யார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கதவையும் சீட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது. மீதி 7, கட்டத்திலும் 7, சீட்டிலும் 7. ‘ஓகே, கிளம்புங்க’ என்று பதில் போட்டிருக்கிறேன்.