இரைச்சலில் விழுந்த சொல்

கண்டனூரில் எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டு வளவில், இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைக்குப் பக்கத்து மாடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. அதற்கு ஆயா தைத்துப் போட்ட துணி உறை. ராத்திரி பாலுக்கு உறை ஊற்றிவிட்டு வந்து, துணியைத் தூக்கி, முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கொழும்பைப் பிடிப்பார். எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. தூணில் முதுகைச் சாய்த்தபடி ஆயா பாட்டுக் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோகப் பாட்டு வந்தால் ஆயாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கும். துடைக்கக்கூட மாட்டார்.

“ஏன் ஆயா அழுறீக?”

“யாரு ஆத்தா அழுதா? பாட்டுல்ல கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

பாட்டு முடிந்ததும் எழுந்து போய்ப் பாயை உதறிப் போடுவார். முகம் மழை பெய்து ஓய்ந்த முற்றம் மாதிரி தெளிந்திருக்கும்.

அதை மழுப்பல் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிற்பாடு மூளை ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தபோதுதான், ஆயா சொன்னது ஏறக்குறைய துல்லியமான பதில் என்று பட்டது. துக்கம் வந்தால் தாங்க முடியாமல் தவிக்கிறோம். அதே துக்கத்தை யாராவது மெட்டுப் போட்டுப் பாடினால் மட்டும் தேடிப் போய்க் கேட்கிறோம். கேட்ட பிறகு ஆறுதலாகவும் இருக்கிறது. இது எப்படி?

முதலில் அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அந்த வீடுகள் என்றால் காத்திருப்புதான் ஞாபகம். ஆண்கள் ‘கொண்டு விற்க’ ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொழும்புக்கும் போவார்கள். மூன்று வருஷக் கணக்கு என்று சம்பளம் பேசிக் கப்பலேறுவது வழக்கம். மீசை முளைக்காத பையன்கள்கூடப் பெட்டியடிப் பையன்கள் என்ற எடுபிடிகளாகப் போய், கிட்டங்கி என்ற கடைக் கட்டடத்தில் படுத்து, கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வளர்ந்ததெல்லாம் அம்மா முகம் பார்க்காமல்தான். இங்கே வீட்டில் பெண்களுக்குக் கடுதாசி. அதுவும் கப்பல் வந்தால்தான். 1941-42இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு அதுவும் இல்லை. எங்கள் ஐயா, ஆயாவின் கணவர், கொழும்பில் செட்டியார் தெருவில் பல வருஷம் இருந்தவர். “இந்தத் தையில் வருவாக” என்று ஆயா சொல்லிக்கொண்டிருந்த தைகளை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதாது.

இப்படிப்பட்ட வீட்டில் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி வந்த ஒரே விஷயம் பாட்டுதான். பல்லவி முடிந்தால் சரணம் வரும். சரணம் முடிந்தால் பல்லவி திரும்பி வரும். ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

இதைக் கவிதையாகச் சொல்லவில்லை. மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேலரி சாலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். பாட்டுக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிற ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, அவரவருக்குப் பிடித்த இசையைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கேட்க வைத்தார்கள். சிலிர்ப்பு வரும்போது மூளையில் டோபமைன் சுரக்கிறது. பசித்தவனுக்குச் சோறு கண்டால் வேலை செய்கிற அதே ரசாயனம். இதுகூடப் பெரிய ஆச்சரியமில்லை. அது இரண்டு இடத்தில், இரண்டு வேளையில் சுரக்கிறது என்பதுதான் விசேஷம். சிலிர்ப்பு வரும் அந்தக் கணத்தில் ஓர் இடத்தில்; அதற்குச் சில விநாடி முன்பே, ‘இதோ வரப்போகிறது’ என்று மனம் காத்திருக்கும்போது வேறோர் இடத்தில். காத்திருப்புக்கே மூளை கூலி கொடுக்கிறது. கேட்டுப் பழகிய பாட்டு புதுப் பாட்டைவிட ஏன் நம்மை அதிகம் தேற்றுகிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. என்ன வரும் என்று நமக்குத் தெரியும். அது வந்தும் விடுகிறது.

இந்த ஏற்பாடு நாம் பேசக் கற்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அம்மா கண்ணில் படமாட்டாள், விளையாட்டுச் சாமான் கிடையாது, அவர்களுக்குப் பழக்கமில்லாத துருக்கி மொழிச் சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்சிப் பேசிய பேச்சைக் கேட்ட குழந்தைகள் நாலு நிமிஷம் போலத்தான் தாக்குப்பிடித்துச் சிணுங்கத் தொடங்கின. பாட்டைக் கேட்ட குழந்தைகள் சராசரியாக ஒன்பது நிமிஷம் சும்மா இருந்தன. 2021இல் ஹார்வர்டில் 144 குழந்தைகளுக்கு, அவை கேட்டேயிராத அந்நிய மொழித் தாலாட்டுகளைப் போட்டுக்காட்டினார்கள். மற்றப் பாட்டுகளைவிடத் தாலாட்டுக்கு இதயத் துடிப்பு தணிந்தது. நம் ஆச்சிமார் தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீர்வரிசையை வரிசை போட்டுப் பாடுவார்கள். குழந்தைக்குச் சீரும் தெரியாது, மாமனும் தெரியாது. ஒரே அடி திரும்பத் திரும்ப வருவது மட்டும் தெரியும்.

கொழும்பு எங்கள் வளவுக்கு எப்படி வந்தது என்பதும் தனி அதிசயம். இலங்கை வானொலி 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்று பெயர் பெற்றது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. ஐம்பதுகளில் பி.வி. கேஸ்கர் தில்லியில் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது, சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். நேயர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் தென்மாவட்டத்து வீடுகளில் முள் அவ்வளவாகத் திரும்பவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அந்த அறிவிப்பாளர்கள் எங்கள் ஊரில் பங்காளி வீட்டு ஆட்கள் மாதிரி. ஆயா ராஜேஸ்வரி சண்முகத்தை ‘அந்தப் புள்ளை’ என்றுதான் சொல்வார். முகம் பார்க்காத ஒருவரோடு இப்படி உறவு கொண்டாடுவதை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஏமாந்துபோய்ச் செய்வதில்லை அது. எதிராளிக்கு நம்மைத் தெரியாது என்று தெரிந்தேதான் செய்கிறோம்.

கண்டனூருக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் சுமார் 370 கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் பாதையில் பெரும்பகுதி கடல். அதுதான் சங்கதி. மத்திய அலை தரையை ஒட்டித் தவழ்ந்து போகும். வறண்ட மண் அந்த அலையின் சக்தியைக் குடித்துவிடும். உப்புநீர் அப்படியில்லை, வறண்ட நிலத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்துவதால், அலை அதிகம் தேயாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஐயாவைக் கொண்டுபோன அதே கடல் பாட்டைக் கொண்டுவந்தது.

ராத்திரியில் இன்னொரு வழியும் திறக்கும். பகலில் வெயிலால் உருவாகி மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருக்கும் வானத்து அடுக்கு ஒன்று, இருட்டியதும் கரைந்துபோகும். அலை இன்னும் மேலே ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். இப்போது ஒரே பாட்டு இரண்டு வழியாக ஒரு வீட்டுக்கு வருகிறது: கடல் வழியாக ஒன்று, வான் வழியாக ஒன்று. இரண்டும் அடி ஒத்து வந்தால் ஓங்கி ஒலிக்கும். ஒன்றுக்கொன்று எதிராக வந்தால் இரண்டும் அழிந்து, பாட்டு இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். ஆயாவுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டில், இரண்டாம் அடியின் கடைசிச் சொல் அப்படி ஒரு ராத்திரியில் இரைச்சலில் விழுந்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஆயா தன் சொந்தச் சொல் ஒன்றைப் போட்டுப் பாடுவார். பிறகு எத்தனையோ தடவை சரியான சொல் காதில் விழுந்தும் மாற்றிக்கொள்ளவில்லை.

சரி, சோகத்துக்கு வருவோம். டேவிட் ஹியூரன் என்ற இசை ஆய்வாளர் 2011இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அழும்போது உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து ஆற்றும். சோகப் பாட்டு மூளைக்குப் பொய்த் துக்கம் காட்டி அந்த மருந்தை வரவழைத்துவிடுகிறது. நிஜ நஷ்டம் எதுவும் இல்லாததால் மருந்து மட்டும் மிச்சம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இன்னும் நிரூபணமாகவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. இதைவிட, லிலா தாருஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் இருவரும் 772 பேரிடம் விசாரித்து 2014இல் எழுதியது ஆயாவுக்குப் பக்கத்தில் வருகிறது. சோகப் பாட்டு கேட்டால் என்ன தோன்றுகிறது என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் துக்கம் என்று சொல்லவில்லை. பழைய நாள் ஞாபகம் என்றார்கள். வாழ்க்கையில் எதுவும் பறிபோகாமல் துக்கத்தை அனுபவிக்க முடிகிறது என்பதும் ஒரு காரணமாக வந்தது. யாரு ஆத்தா அழுதா?

வளரும் வயதில் பாட்டும் கதையும் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகின்றன? பதின்வயதில் உணர்ச்சியைக் கிளப்புகிற மூளைப் பகுதிகள் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். அவற்றுக்குக் கடிவாளம் போடுகிற முன்மூளை முதிர இருபத்தைந்து வயது வரைகூட ஆகும். எல்லாமே பெரிதாகத் தெரிகிற, எதுவும் கையில் நிற்காத காலம் அது. எனக்கு அப்போது கிடைத்த பிடி, கல்கி பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது இன்னொரு வீட்டு ஆச்சி சேர்த்தது; நடுவில் சில அத்தியாயம் இருக்காது. பரீட்சையில் தோற்றால், தோழி பேசாமல் போனால், அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவேன். முடிவு தெரிந்த கதையை எதற்குத் திரும்பப் படிக்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். முடிவு தெரிந்திருந்ததால்தான் படித்தேன். பிரின்ஸ்டனில் யூரி ஹாசன் குழு 2010இல் காட்டியது இது: கதை சொல்பவரின் மூளை ஓடுகிற தடத்திலேயே கேட்பவரின் மூளையும் சற்றுப் பின்னால் ஓடுகிறது, சில பகுதிகளில் கேட்பவர் முந்திக்கொண்டே போகிறார். அப்படி முந்தியவர்களுக்குத்தான் கதை நன்றாகப் புரிந்திருந்தது.

சினிமாவுக்குச் செட்டிநாட்டுச் சீமை செய்ததைச் சொல்லப் புகுந்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற கடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஏ.வி. மெய்யப்பன், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு 1947இல் ‘நாம் இருவர்’ எடுத்து வெளியிட்டார். சிறுகூடல்பட்டியில் பிறந்து, காரைக்குடிக்குச் சுவீகாரம் போன பிள்ளைதான் கண்ணதாசன். தாயைப் பிரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவரிடம் பாட்டு இருந்தது. பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகங்களோடு சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் நூலகமாக இருக்கிறது. அந்தப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் பாதியில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று இருக்கும். காத்திருக்க வைக்கத் தெரிந்தவர்கள்.

படம் பார்த்து அழுதால் என்ன ஆகிறது என்பதை ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பார் குழு 2016இல் சோதித்தது. சுவரில் முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல முழங்காலை மடக்கி எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்ப்பது. பரிதாபமான படம் ஒன்றைக் கூட்டமாகப் பார்த்து மனம் கரைந்தவர்கள் முன்னைவிட அதிக நேரம் தாங்கினார்கள். கூடப் பார்த்தவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. சாதாரண ஆவணப் படம் பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத அக்காவோடு சேர்ந்து மூக்கைச் சிந்தியவர்களுக்கு இதை ஆக்ஸ்போர்டு சொல்ல வேண்டியதில்லை.

எல்லாருக்கும் எப்போதும் இது மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வில் சிக்கிய பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு ஒரே சோகப் பாட்டை நாள்கணக்கில் கேட்டால், அது புண்ணைக் கிளறுவதாகவும் முடியலாம். ஆயா மாதிரி பாட்டு முடிந்ததும் எழுந்து பாயை உதறுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவையே பிற்காலத்தில் அதிகம் ஞாபகத்துக்கு வருகின்றன என்பது ஞாபக ஆய்வாளர்களுக்குப் பழகிய விஷயம். கரோல் கிரம்ஹான்ஸ்ல் 2013இல் கண்டதுதான் புதிது. 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் பிரபலமான பாட்டுகளைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார். அவர்கள் காலத்துப் பாட்டுகள் மனதைத் தொட்டன, சரி. அவர்கள் பிறப்பதற்கு முன்பே, எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பாட்டுகளுக்கும் ஞாபகமும் பிரியமும் மேலேறின. அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம் அது. அறுபதுகளிலும் ஒரு சிறு மேடு தெரிந்தது. அது தாத்தா பாட்டி வழியாகவும் வந்திருக்கலாம்.

போன வருஷம், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காகக் கண்டனூர் போயிருந்தோம். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. மாடத்தில் ரேடியோ இல்லை, அது இருந்த இடத்தில் சதுரமாகச் சுவர் வெளுத்திருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள் முற்றத்தில் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். ஆயாவின் பாட்டு. ஆயாவை அவள் பார்த்ததே இல்லை.

“இது எங்கடி கேட்ட?”

“நீதானம்மா, சமைக்கும்போது பாடுவ.”

நின்று கேட்டேன். முதல் அடி. இரண்டாம் அடி. கடைசிச் சொல் வந்த இடத்தில், படத்தில் எங்கேயும் இல்லாத ஆயாவின் சொல்லைப் போட்டாள்.