கோழிக்கு 110 கிராம்... நமக்கு எவ்வளவு?

மூன்று வருடங்களுக்கு முன்பு, மோகனூர் வட்டாரத்தில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று பக்கத்தில் இருந்த கோழிப்பண்ணைக்குள் நுழைந்தபோது பண்ணையாளர் முகம் வாடி நின்றார். நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகள் நான்கைந்து திடீரென்று செத்துவிட்டன. வந்திருந்த கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். வயிறு முழுக்க மஞ்சளாகக் கொழுப்பு. ஈரல் வெளுத்துப்போய், தொட்டாலே உதிரும் நிலையில், ரத்தம் கசிந்திருந்தது.

“எரிசத்து கூடிப்போச்சுங்க. கூண்டுக்குள்ளயே நிக்குது, நடக்கறதில்ல. தின்னது அத்தனையும் ஈரல்ல கொழுப்பாப் போய் உக்காந்துக்குது” என்றார் அவர். தீவனத்தில் மக்காச்சோளத்தைக் குறைத்து, தவிட்டைக் கூட்டி, வைட்டமின் சேர்க்கச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய வாரம்தான் என் வயிற்றை ஸ்கேன் செய்த டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். எனக்கும் ஈரலில் கொழுப்பு. எடை 86 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 40 அங்குலம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3. அதாவது, சர்க்கரை நோய்க்கு வாசற்படியில் நிற்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்துப் பண்ணையாளரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முட்டைக்கோழிக்கு நாளைக்கு 110 கிராம் அளவில் தீவனம், அதில் புரதம் 16 முதல் 18 சதவிகிதம், கால்சியம் இவ்வளவு என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். “நீங்க நேத்து மத்தியானம் எத்தனை கிராம் சோறு சாப்பிட்டீங்க?” என்று அவரிடமே கேட்டால் சிரிப்பார். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

வேலை போச்சு, சோறு போகல

“காட்டுல மேட்டுல அலையறவனுக்கு எதுக்குங்க உடற்பயிற்சி?” என்று கேட்காத விவசாயி இல்லை. என் அப்பா காலத்தில் அது சரி. அவர் மண்வெட்டி பிடித்தார், மடை திருப்பினார், மோட்டார் போட ராத்திரி வரப்பில் அரை மைல் நடந்தார். அவர் சாப்பிட்ட சோறு அந்த வேலைக்கே சரியாகப் போனது.

இப்போது மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர். பாசனத்துக்குச் சொட்டுநீர். களைக்கு பவர் வீடர், அறுவடைக்கு மெஷின். தோட்டத்துக்குப் போக வர பைக். இவற்றில் பாதிக்கு மானியம் வாங்கிக் கொடுத்ததே என்னைப் போன்றவர்கள்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் வேலை பாதியாகக் குறைந்த பிறகும் தட்டு மட்டும் அப்பா காலத்துத் தட்டாகவே இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். சமையலறையில் இருந்த தராசில் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன். இட்லி, தோசை, சோறு எல்லாம் சேர்த்து நாளைக்கு 400 கிராம் அரிசி என் வயிற்றுக்குள் போனது. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. ஆக, அரிசியில் இருந்து மட்டும் 300 கிராமுக்கு மேல். இது போகட்டும், டீயை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. வயலுக்குப் போகிற இடமெல்லாம் டீ. வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனசு சங்கடப்படும். நாளைக்கு எட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 80 கிராம் சர்க்கரை, சுமார் 320 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

அந்த 320 கலோரியை நடந்து கழிக்க வேண்டுமென்றால் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் சொல்கிறேன்: தட்டை மாற்றாமல் நடையை மட்டும் நம்பினால் எடை குறையாது. நான் ஆறு மாதம் நடந்து ஒரு கிலோ குறைத்தவன்.

அரிசியைக் குறைத்தால் அந்த இடத்தில் என்ன?

மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைப்பது நேற்று வந்த யோசனை இல்லை. 1863-ல் லண்டனில் இறுதிச்சடங்குத் தொழில் செய்த வில்லியம் பேன்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டு மெலிந்த கதையைச் சிறு புத்தகமாகவே அச்சிட்டார். நம் தமிழ்நாட்டிலும் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ‘பேலியோ’ என்ற பெயரில் சோற்றை அடியோடு நிறுத்தியவர்கள் பலர். சிலருக்கு மளமளவென்று குறைந்தது. பிள்ளை கல்யாணம், பொங்கல் என்று வந்ததும் பாதிப் பேர் பழைய எடைக்கே திரும்பிவிட்டார்கள். 2018-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஒரு வருடம் கவனித்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஐந்தாறு கிலோ, இளைத்திருந்தார்கள். எனவே எது நம் வீட்டில் நிற்குமோ அதுதான் நமக்கான முறை. நான் சோற்றை நிறுத்தவில்லை, 400 கிராமை 150 கிராமாக்கினேன்.

குறைத்த இடத்தை வெறுமனே விட்டால் சாயங்காலமே பசி கொன்றுவிடும், கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போகும். அங்கேதான் நம் மாவட்டத்து முட்டை வருகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 70 கலோரி. மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. காலையில் ஐந்து இட்லி சாப்பிட்ட நான் இரண்டு இட்லி, இரண்டு முட்டை என்று மாறினேன். மதியம் முதலில் பொரியலும் கீரையும் தட்டில் பாதிக்கு. அடுத்து கெட்டிப் பருப்போ சுண்டலோ, மீன் கிடைத்தால் மீன். கடைசியில் ஒரு கரண்டி சோறு, தயிர். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்தையும் நான் விடவில்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று போட்டதை இரண்டும் சரிபாதியாக்கச் சொன்னேன். ருசி ஒன்றும் கெடவில்லை.

கொள்ளு தின்றால் கொழுப்பு கரையும் என்பார்கள். கரைக்காது. ஆனால் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் நெடுநேரம் பசி தாங்கும். அந்த அளவில் அந்தப் பழமொழி உண்மைதான்.

சிறுதானியம் பற்றி ஒரு ஒப்புதல்

2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. அந்த வருடம் நான் பேசாத கூட்டம் இல்லை. “கொல்லிமலைச் சாமை சாப்பிடுங்க, எடை குறையும்” என்று நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். சாமை, கம்பு, ராகி எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், ராகியில் கால்சியமும் கூடுதல். சந்தேகமே இல்லாமல் நல்ல தானியங்கள்தான். ஆனால் அரிசிச் சோறு தின்ற அதே அளவுக்குச் சாமைச் சோறு தின்றால், அல்லது மூன்று உருண்டை களி தின்றால், உடம்புக்குக் கணக்கு பெரிதாக மாறாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் குறைகிறது. இதே ஆய்வு 2023-ல் தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும் கணக்குச் சொன்னது. ஏழு பேரில் ஒருவர்.

அது எண்ணாக இருக்கும்வரை உறைக்காது. என்னைவிட நான்கு வயது இளைய விவசாயி ஒருவருக்கு, கால் மரத்துப்போனதால் கருவேல முள் குத்தியதே தெரியவில்லை. செருப்பில்லாமல் சேற்றிலேயே மூன்று நாள் நடந்திருக்கிறார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நாற்று விட்டிருந்த வயலை அந்தப் போகம் குத்தகைக்குக் கொடுத்தார். எங்கள் தொழிலில் கால்தான் மூலதனம்.

நடை

காலையில் காவிரிக் கரையில் 40 நிமிடம் நடக்கிறேன். பேசிக்கொண்டு நடக்கலாம், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். மதியமும் ராத்திரியும் சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரை எகிறுவதைக் குறைக்கிறது. வாசலில் நடந்தாலும் சரி. வாரத்தில் மூன்று நாள் நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால். 50 வயதுக்கு மேல் எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும்; அதைத் தடுக்கத்தான் இது.

ஒன்பது மாதத்தில் 74 கிலோவுக்கு வந்தேன். நான்காவது மாதத்தில் ஐந்து வாரம் முள் நகரவே இல்லை, தராசைத் தூக்கிப் போடலாமா என்றிருந்தது. தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறி இறங்கினேன். இன்றைக்கு 75. இந்தியர்களுக்கான கணக்குப்படி இதுவும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சர்க்கரை 5.6, இடுப்பு 36 அங்குலம். ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை அங்குலம், பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தராசு இல்லாதவர்கள் டேப் வைத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து பார்க்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். அதே மருந்தளவில் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். தோட்டத்தில் தனியாக இருக்கும்போது வந்தால் ஆபத்து. சிலவகை மாத்திரைகளோடு சோற்றை அடியோடு நிறுத்துவது வேறு சிக்கலையும் தரும். முதலில் டாக்டரிடம் சொல்லி மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்த முறை வேண்டாம்.

வாசகர்கள் கேட்டவை

*கரும்பு போடுகிறேன். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டால் எடை ஏறாதுதானே?*

ஏறும். பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான்; கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், அவ்வளவே. நான் எட்டு டீயை மூன்றாக்கி, சர்க்கரையை அரை ஸ்பூனுக்கு இறக்கினேன். மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிட்டது.

*வாழை விவசாயி நான். தினமும் நான்கு பழம், இரண்டு இளநீர். தப்பா?*

எடை குறைக்கும்வரை ஒரு பழம் போதும், அதையும் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக. இளநீர் வெயில் வேலைக்குப் பிறகு ஒன்று. வாழைத்தண்டும் பூவும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். அவற்றை வீணாக விடுவதுதான் தப்பு.

*தினமும் களை எடுக்கிறேன், பால் கறக்கிறேன். சாப்பிடுவதும் கொஞ்சம்தான். இருந்தும் எடை ஏறுகிறதே?*

முதலில் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள் அம்மா. அதில் குறை இல்லை என்றால், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மீந்ததை என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் அது கணக்கில் வராத நான்காவது வேளையாகத்தான் இருந்தது. உலையில் போடும்போதே அரை டம்ளர் அரிசியைக் குறையுங்கள். அப்படியும் மீந்தால் மாட்டுக்கு நிறையப் போட்டுவிடாதீர்கள். சோறு அதிகமானால் வயிறு உப்பி, அமிலம் கூடி, அது படுத்துவிடும். வாசலில் ஓடித் திரியும் நாட்டுக் கோழிக்குப் போடுங்கள். அதற்கு ஈரலில் கொழுப்பு ஏறாது.